இணையாட்டம் இரண்டாந்தரமோ?

2009ஆம் ஆண்டில் பெண்களுக்கான சக்கர நாற்காலி டென்னிஸை விம்பிள்டன் தன் புல்தரையில் ஏற்றது; ஆயின் இரட்டையர் ஆட்டத்துக்கு மட்டுமே இடம். புல்லில் சக்கரம் எளிதில் உருளாது, இருவராயின் களத்தைப் பகிர்ந்து காக்கலாம் என்று கருதினர் போலும்.

இரட்டையர் ஆட்டம் அத்துணை எளிதா? நாற்காலி பக்கவாட்டில் நகராது. மட்டை பற்றிய கையாலேயே சக்கரத்தையும் தள்ள வேண்டும். பந்து இருமுறை தரையில் பட்டெழலாம் என்னும் சலுகை (சலுகை என்பதே பொருந்தாச் சொல்) ஒன்றைத் தவிர, களத்தின் அளவும் வலையின் உயரமும் ஏனையோர்க்குரியனவே. ஒருவர் நாற்காலியைத் திருப்பும் கணத்தில் மற்றவர் வெற்றிடத்தைக் காத்தாக வேண்டும்.

நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கீரை நோக்குக. 2003 தொடங்கி ஒற்றையரில் தொடர்ந்து 470 ஆட்டங்களை வென்று, அவ்வெற்றி முறியாமலே 2013இல் ஓய்வு பெற்றவர். அத்தகையவரும் 2008 பீஜிங் பாராலிம்பிக் இரட்டையர் இறுதியாட்டத்தில், தம் நாட்டவரேயான கோரி ஹோமன், ஷரோன் வால்ராவன் இணையிடம் தோற்றார். மறு ஆண்டே அந்த ஹோமனுடன் இணைந்து விம்பிள்டனில் வாகை சூடினார்! தனித்து வெல்வோர் இணைந்தும் வெல்வர் என்பதற்கு உறுதியில்லை. இணையாட்டம் வேறொரு கலை. அதனை ஒற்றையருக்கு மாற்றாக வழங்கியது இரண்டிற்குமே இழுக்கு என்பேன்.

விம்பிள்டனில் சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டம் தொடங்கியது 2016இல். வெர்கீர் ஓய்வு பெற்று அப்போது மூன்றாண்டுகள் கடந்திருந்தன.