உயரம் எட்டிய ஹெலிகாப்டர், எட்டாத நம்பகம்

ஹெலிகாப்டர் வடிவமைப்பில் மேலை நாடுகள் இன்று துரத்துவது வேகத்தை. முன்னோக்கி விரையும் ஹெலிகாப்டரில் சுழலியின் ஒரு பக்கத்து இறக்கை காற்றை எதிர்த்துச் செல்கிறது. மறுபக்கத்து இறக்கை காற்றோடு பின்வாங்குகிறது. வேகம் கூடக்கூடப் பின்வாங்கும் இறக்கை தூக்குவிசையை இழக்கிறது. பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டத் திணறுவது இதனால்தான்.

இத்தடையைத் தகர்க்கும் முயற்சிகள் பல. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சுழலிகளையும் வாலில் ஓர் உந்துவிசிறியையும் கொண்ட சிகோர்ஸ்கியின் எக்ஸ்-2, 2010-ல் மணிக்கு 460 கிலோமீட்டரைத் தொட்டது. ஹெலிகாப்டர்போல எழும்பி, பின்னர் சுழலிகளை முன்னே சாய்த்து விமானம்போலப் பறக்கும் பெல் வி-280-ஐ அமெரிக்கத் தரைப்படை 2022 டிசம்பரில் தேர்ந்தெடுத்தது. ஏர்பஸ்ஸின் ரேசர் 2024 ஏப்ரலில் முதன்முறையாகப் பறந்தது.

இந்தியாவின் தேவை வேறு. சியாச்சின் காவல் நிலைகளுக்கு ஹெலிகாப்டர் விரைந்து போவதைவிட, அங்கே சுமையோடு இறங்கி மீண்டும் எழும்புவதே பெரிது. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். மெலிந்த காற்றில் இறக்கைகளுக்குப் பிடிமானம் இல்லை. இயந்திரத்துக்கும் மூச்சு முட்டும்.

இத்தேவையை இந்தியா நெடுங்காலம் முன்பே உணர்ந்திருந்தது. இந்தியாவின் வேண்டுகோளுக்கு ஏற்பவே பிரெஞ்சு நிறுவனம் 1960-களின் இறுதியில் லாமா என்னும் ஹெலிகாப்டரை உருவாக்கியது. 1972-ல் அது 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை படைத்தது. (உச்சியில் இயந்திரம் அணைந்துவிட, விமானி சுழலியின் தற்சுழற்சியை மட்டுமே நம்பிப் பத்திரமாகத் தரையிறங்கினார் என்பது தனிக்கதை.) அதே லாமாதான் உரிமம் பெற்று பெங்களூரில் தயாரிக்கப்பட்ட சீட்டா. அரை நூற்றாண்டு கடந்தும் சியாச்சின் வீரர்களின் உயிர்நாடியாக அது இருந்துவருவது அந்த வடிவமைப்புக்குப் பெருமை. மாற்று தேட வேண்டியவர்களுக்கு அல்ல.

மாற்று தேடிய கதை அவ்வளவு அவலமானது. 197 ஹெலிகாப்டர்களுக்கான ஒப்பந்தப்புள்ளி 2007-ல் ரத்தானது. மறுபடி கோரப்பட்டு 2014-லும் ரத்தானது. 2015-ல் ரஷியாவுடன் 200 காமோவ் ஹெலிகாப்டர்களுக்குச் செய்துகொண்ட உடன்பாடு காகிதத்தோடு நின்றது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் இலகுரக ஹெலிகாப்டர் 2016-ல் முதன்முறை பறந்தும், 2025 வரை படைகளில் பெருமளவில் இணையவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் மீண்டும் 200 ஹெலிகாப்டர்களுக்குத் தகவல் கோரியது. சக்கரம் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

ஆயினும் நமது பொறியாளர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. 1999 கார்கில் போரில் ஆயுதம் பொருத்தப்பட்ட எம்.ஐ.-17 ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த உயரங்களில் போரிடத் தகுந்த ஹெலிகாப்டர் நம்மிடம் இல்லை என்ற கசப்பிலிருந்து பிறந்ததே பிரசண்ட். 2015-ல் 500 கிலோ சுமையோடு சியாச்சின் தளங்களில் அது இறங்கிக் காட்டியது. பிரெஞ்சு நிறுவனத்தோடு இணைந்து உருவான சக்தி இயந்திரம் அதற்குத் துணை. 2025 மார்ச்சில் ரூ.62,700 கோடிக்கு 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களை வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. உயரம் என்ற தேர்வில் இந்தியா வென்றுவிட்டது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிரசண்டின் மூலவேர் துருவ். அந்த துருவ் 2025 ஜனவரி 5-ம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் மூவரைப் பலிகொண்டது. அதையடுத்து முப்படைகளிலும் காவல்படையிலுமாக 300-க்கும் மேற்பட்ட துருவ்கள் பறக்காமல் முடங்கின. விமானியின் கட்டளையைச் சுழலும் இறக்கைகளுக்குக் கடத்தும் ஸ்வாஷ்பிளேட் என்ற பாகம் முறிந்ததாகக் கண்டறியப்பட்டது. இது முதல் எச்சரிக்கையும் அல்ல. 2023-ல் அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பின் கட்டுப்பாட்டுத் தண்டுகள் அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாற்றப்பட்டன. அதற்கும் முன்பே, ஏழு துருவ்களை வாங்கிய ஈக்வடார், நான்கு விழுந்தபின் 2015-ல் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது.

புதிய வடிவமைப்பில் குறைகள் இருப்பது குற்றமல்ல. சாயும் சுழலி கொண்ட அமெரிக்காவின் ஆஸ்ப்ரே 2023 நவம்பரில் ஜப்பான் அருகே விழுந்து எட்டுப் பேர் மாண்டனர். பற்சக்கரப் பெட்டியில் நேர்ந்த முறிவையும் விமானிகளின் முடிவுகளையும் விவரிக்கும் விசாரணை அறிக்கை ஒன்பதே மாதத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இங்கோ, நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதியைப் பலிகொண்ட 2021 குன்னூர் விபத்துக்கே சுருக்கமான ஓர் அறிவிப்பும், மூன்றாண்டுகளுக்குப் பின் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் "மனிதத் தவறு" என்ற குறிப்பும்தான் மக்களுக்குக் கிடைத்தன. ராணுவ ரகசியம் என்ற திரை எதிரியிடமிருந்து மறைப்பதைவிட, நாடாளுமன்றத்திடமிருந்து மறைப்பதே அதிகம்.

வடிவமைப்பவரும் தயாரிப்பவரும் பழுதுபார்ப்பவரும் ஒரே அரசு நிறுவனமாக இருக்கையில், அதன் பாகங்களைச் சோதிக்கும் பொறுப்பு அந்நிறுவனத்துக்கு வெளியே, உண்மையான அதிகாரம் கொண்ட அமைப்பிடம் இருந்தாக வேண்டும். துருவ் விபத்துகளின் தொழில்நுட்பக் காரணங்களை, போர்த்தந்திர விவரங்களை நீக்கிவிட்டு, நாடாளுமன்றத்தில் வைப்பதில் அரசுக்கு என்ன தயக்கம்? துருவின் சுழலி அமைப்பையே பெரிதும் சார்ந்திருக்கும் 156 பிரசண்ட்கள் மலைமுகடுகளுக்குப் போகவிருக்கின்றன. அவற்றில் ஏறப்போகும் விமானிகளுக்கு இந்தப் பதில் முன்னதாகவே கிடைக்க வேண்டும்.