பன்னீர்த் தட்டும் கணக்குப் புத்தகமும்

நம் நிகழ்ச்சிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி மண்டபமானாலும் ஆலய மண்டபமானாலும் ஹோட்டல் விருந்தானாலும், வாசலில் சேலை கட்டிய நான்கு மாணவிகள் பன்னீர், சந்தனம், கற்கண்டுத் தட்டுகளுடன் நிற்பார்கள். மேடையில் பொன்னாடைத் தட்டை ஏந்தி நிற்பதும் ஒரு மாணவிதான். அந்தப் பொன்னாடையைப் போர்த்துபவரும் போர்த்திக்கொள்பவரும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் பெரும்பாலும் ஆண்கள். நிகழ்ச்சிக்கு எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலவானது, மிச்சம் யாரிடம் இருக்கிறது என்பது தட்டு ஏந்தியவளுக்குத் தெரியாது. கேட்டால், “தொண்டூழியம் செய்தேன்” என்பாள். நற்சான்றிதழும் கையில் இருக்கும்.

வரவேற்பும் ஒரு வேலைதான்; அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் 12 வயதில் தட்டு ஏந்தத் தொடங்கியவள் 22 வயதிலும் அதே தட்டோடு நிற்கிறாள் என்றால், பத்து ஆண்டுகளில் அந்தத் தொண்டு அவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? இந்தக் கேள்விக்கு ஜொகூர் மாணவிகள் பதில் தேட வேண்டிய இடம் மகளிர் தொண்டூழிய அமைப்புகள் என்பது என் கருத்து. பையன்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் மதிப்பெண் கணக்கைப் பேசிவிடுவோம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்கும்போது 90 விழுக்காடு கல்விக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. பள்ளியில் நீங்கள் வகித்த பதவி, ஈடுபாடு, வருகை, செய்த சேவை எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. 10 விழுக்காடு பெரிய எண் இல்லை என்று நினைக்கலாம். மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் ஒன்றிரண்டு புள்ளியில் இடம் கைநழுவியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆகவே சான்றிதழுக்காக இயக்கத்தில் சேர்வது தவறு என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. சேர்ந்த காரணம் எதுவானாலும், சேர்ந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் விஷயம். ஒருநாள் முகாம், ஒரு பதாகை, ஒரு குழுப்படம், அன்று மாலையே முகநூல் பதிவு. இப்படி இருபது சான்றிதழ் சேர்க்கலாம். அந்த இருபதும் சேர்ந்து, ஒரு கூட்டத்தை எழுந்து நின்று நடத்தும் துணிச்சலைத் தருவதில்லை.

பெண்களுக்கென்று தனி அமைப்பு எதற்கு, எல்லாரும் சேர்ந்தே செய்யலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெண்கள் மட்டும் உள்ள சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், நாற்காலி அடுக்குபவர், லாரிக்காரரிடம் வாடகை பேசுபவர் எல்லாருமே பெண்களாகத்தான் இருந்தாக வேண்டும். தள்ளிவிட ஆள் கிடையாது. கலப்புச் சங்கத்தில் “கையெழுத்து அழகாக இருக்கிறது, நீ குறிப்பெழுது” என்று ஒதுக்கப்பட்ட மாணவி, இங்கே வங்கிக்குப் போய்க் கணக்கு திறக்க வேண்டியிருக்கும். மாவட்ட அலுவலகத்தில் மலாய்மொழியில் வாதாட வேண்டியிருக்கும். வளர்ச்சி என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் இப்படிப்பட்ட அலைச்சலில்தான் வருகிறது.

ஜொகூருக்கு இது புதிதில்லை. 1929-இல், மலாய்ப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே பல வீடுகளில் தயங்கிய காலத்தில், ஜொகூரின் மலாய் ஆசிரியைகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். முன்னின்றவர் ஸைனுன் சுலைமான். ‘இபு ஸைன்’ என்றால் மலாய்ச் சமூகத்தில் இன்றும் தெரியும். மறு ஆண்டே அந்தச் சங்கம் ‘பூலான் மெலாயு’ என்ற இதழைத் தொடங்கியது. வகுப்பறையில் பாடம் நடத்திய கைகள் தலையங்கம் எழுதின. இதழ் நடத்துவது என்றால் கட்டுரை வாங்க வேண்டும், அச்சகத்துக்குப் பணம் கட்ட வேண்டும், சந்தா வசூலிக்க வேண்டும். முப்பது ஆண்டு கழித்து, 1959-இல், அதே இபு ஸைன் பொந்தியான் செலாத்தான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். நாடறிந்த எழுத்தாளர் அடிபா அமின் அவருடைய மகள். நாடாளுமன்றத்தில் பேசுவதற்கு வெகுகாலம் முன்பே, ஓர் ஆசிரியை சங்கத்தில் பேசிப் பழகியவர் அவர்.

நம் சமூகத்திலும் இப்படி ஒருவரைச் சொல்லத் தேடி அலைய வேண்டியதில்லை. 1943 அக்டோபர் 22-ஆம் நாள், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி. சேர்ந்த பெண்களில் கணிசமானோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். அதிகாலையில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள், சிலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், துப்பாக்கிப் பயிற்சிக்கும் இரவுக் காவலுக்கும் போனார்கள். ஜப்பானியர் துணையோடு நடந்த அந்தப் போரின் அரசியல் சரியா தவறா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. அது வேறு கட்டுரைக்குரியது. என்னை ஈர்ப்பது போர் முடிந்த பிறகு நடந்தது.

ஈப்போவில் பிறந்த ராசம்மாவுக்கு அந்தப் படையில் சேரும்போது வயது 16. சகோதரி பொன்னம்மாவும் சேர்ந்தார். பர்மா வரை போய்த் திரும்பினார்கள். போர் முடிந்தது, படை கலைந்தது. வீட்டுக்குத் திரும்பிய பெண், “என் பங்கைச் செய்துவிட்டேன்” என்று பழைய படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ராசம்மா விட்ட படிப்பைத் தொடர்ந்தார், பட்டம் பெற்றார், ஆசிரியையானார். அன்றைக்கு ஒரே பள்ளியில், ஒரே தகுதியுடன், ஒரே பாடம் நடத்திய ஆணைவிடப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. அதை எதிர்த்து 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் ராசம்மா பூபாலன். கூட்டம் போடுவது, மனு எழுதுவது, அமைச்சரைப் பார்ப்பது, பதில் வராவிட்டால் மீண்டும் எழுதுவது என்று ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை அது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று தமிழ்ப்பள்ளியில் உங்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையின் சம்பளச் சீட்டில், அந்தப் பெண்கள் எழுதிய மனுக்களும் இருக்கின்றன.

1963-இல் தேசிய மகளிர் அமைப்புகள் மன்றம் தோன்றியபோது முதல் பொதுச் செயலாளராகவும் அவரே இருந்தார். எல்லா இனப் பெண்களின் சங்கங்களையும் ஒரு குடையின் கீழ்க் கொண்டுவந்த மன்றம் அது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கிய 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்துக்காக விடாமல் குரல்கொடுத்த அமைப்புகளில் அதுவும் ஒன்று. அந்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன், பதிவில்லாத திருமணத்தால் நிராதரவாக நின்ற தோட்டத்துப் பெண்களின் கதைகளை உங்கள் பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். பின்னாளில் ராசம்மா கோலாலம்பூர் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வில், வசதி குறைந்த இளம் பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் மையத்துக்காக உழைத்தார். தையல், கேக் செய்வது போன்ற பயிற்சிகள். துப்பாக்கி ஏந்திய கைக்கு இது சின்ன வேலையாகத் தெரியவில்லை என்பதை நான் அவருடைய மற்ற சாதனைகளைவிட உயர்வாக மதிக்கிறேன்.

இந்த இரு பெண்களையும் பற்றிப் பேசும்போது நாம் வீரம், தியாகம் என்ற சொற்களோடு நிறுத்திக்கொள்கிறோம். சங்க வேலை தெரிந்தவர்கள் என்று சொல்வதில்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது ஒரு கலை. மூன்று மணி நேரம் எல்லாரும் பேசியதில், என்ன முடிவாயிற்று, யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்ற மூன்றை மட்டும் பிரித்தெடுத்து எழுதத் தெரிந்த மாணவிக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வறிக்கை பெரிய பூச்சாண்டியாகத் தெரியாது. கணக்கும் அப்படித்தான். 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஒரு சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையையும் வரவு செலவையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். நம் சங்கங்கள் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. தலைவர்களுக்குப் பஞ்சமில்லை, ரசீதைத் தேதி வாரியாக அடுக்கி வைக்கும் ஒரு பொருளாளருக்குத்தான் பஞ்சம். கணக்கியல் படிக்கும் மாணவி ஒருத்தி முன்வந்தால் ஒரு சங்கமே பிழைத்துக்கொள்ளும்.

தேவை எங்கே இருக்கிறது என்பதை ஜொகூர் வெள்ளம் நமக்குப் பலமுறை காட்டியிருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் மூழ்கின. 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் மீண்டும். யோங் பெங், பத்து பகாட் பக்கம் சில இடங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. மாநிலத்தில் 40,000-க்கும் அதிகமானோர் துயர் துடைப்பு மையங்களில் இருந்தார்கள். அரிசி மூட்டையும் மீ பாக்கெட்டும் தாராளமாக வந்து குவியும். பள்ளி மண்டபத்தில் நூறு குடும்பங்களுக்கு நடுவே தங்கியிருக்கும் 13 வயதுப் பெண் தனக்கு மாதவிடாய் அணையாடை வேண்டும் என்று, பொருள் கொடுக்கும் மேசையில் நிற்கும் அண்ணனிடம் கேட்பாளா? மாட்டாள். அவள் தாயும் தயங்குவாள். கைக்குழந்தைக்குப் பாலூட்ட ஒரு திரை, இரவில் கழிவறைப் பக்கம் ஒரு விளக்கு, உடை மாற்ற ஒரு வகுப்பறை. இவற்றைக் கேட்காமலேயே தெரிந்துகொள்வதற்கு அங்கே பெண்கள் இருக்க வேண்டும். தட்டோடு அல்ல, பொருள் பட்டியலைத் தயாரிக்கும் இடத்தில். சாரணியர் இயக்கத்திலும் செம்பிறைச் சங்கத்திலும் பயிற்சி பெற்ற மாணவிகள் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்றால் பாதிச் சங்கடம் தீரும். வெள்ளம் வந்த பிறகு கூடினால் நேரம் போதாது. நவம்பர் மாதமே யார் வீட்டில் என்ன பொருள், யாரிடம் வேன் இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

வெள்ளம் எப்போதாவது வருவது. அன்றாடம் ஓடுவது இன்னொன்று. விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் நம் ஜொகூர் பாருவில், மாசாயில், ஸ்கூடாயில் ஏராளம். அவர்கள் வீடு திரும்பும்போது பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். வீட்டுப்பாடம் பார்க்க யாருமில்லை. வாரம் இரண்டு மாலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வதற்கு ஆயிரம் ரிங்கிட் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் வர வேண்டும். மழை பெய்தாலும், உங்களுக்குத் தேர்வு நெருங்கினாலும், குறைந்தது மாற்று ஆளையாவது அனுப்ப வேண்டும். ஒருமுறை வந்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போன அக்காமார்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகளிர் அமைப்பு என்ற பெயரில் இருபது ஆண்டாக ஒரே தலைவர், அன்னையர் தின விருந்து, கோலப்போட்டி, ஆண்கள் சங்கத்தின் நிகழ்ச்சிக்குச் சமையல் என்று ஓடுகிற இடங்களும் இருக்கின்றன. அங்கே இளம் பெண்கள் வருவதில்லை என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. அழைத்தபோது நாற்காலி நிரப்பத்தானே அழைத்தீர்கள்! நிர்வாகக் குழுவில் 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட இருவர் கட்டாயம் என்று ஒரு விதியைச் சேருங்கள். பணம் போடவும் எடுக்கவும் அவர்களில் ஒருவருக்குக் கையெழுத்துரிமை கொடுங்கள். பயமாக இருக்கும். அந்தப் பயத்தைத் தாண்டாமல் அடுத்த தலைமுறை வராது.

பையன்களே, உங்கள் பள்ளி, கல்லூரிச் சங்கங்களில் அடுத்த முறை பொருளாளர் தேர்தல் வரும்போது தங்கை முறை உள்ள ஒருத்தியின் பெயரை முன்மொழியுங்கள். வாசலில் பன்னீர்த் தட்டோடு நீங்கள் ஒருநாள் நின்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

சேர நினைக்கும் மாணவிகள் சில விஷயங்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அமைப்பு பதிவு பெற்றதா, போன ஆண்டுக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டினார்களா, புதியவர்களுக்கு என்ன வேலை தருவார்கள்? “முதலில் வாருங்கள், பிறகு பார்க்கலாம்” என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள். குறைந்தது ஓராண்டு இருப்பேன் என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள். பெண்கள் சங்கம்தானே என்று வீட்டில் எளிதாக அனுமதி கிடைப்பது நமக்கு ஒரு வசதி. அந்த நம்பிக்கையை மூத்த உறுப்பினர்களும் காப்பாற்ற வேண்டும். கூட்டம் இரவு 9 மணியைத் தாண்டுமென்றால், முடிந்த பிறகு யார் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.