ஆடியவர் கற்றுக் கொடுக்க வேண்டும்

ஒரு வீரன் கிண்ணத்தைத் தூக்கினால் ஊரே கைதட்டுகிறது. ஆட்டத்தை விட்ட பிறகு அவன் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு விளையாட்டில் ஒரு சமுதாயம் நிலைத்து நிற்குமா, ஒரு தலைமுறையோடு ஓய்ந்து போகுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பூப்பந்தையே எடுத்துக் கொள்வோம். சீனாவின் யாங் யாங் 1987-இலும் 1989-இலும் உலக ஒற்றையர் வெற்றியாளர். 1989-இல் அகில இங்கிலாந்துப் பட்டமும் அவருக்கே. ஆட்டத்தை விட்டதும் அவர் பேரை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளவில்லை. 1990-களில் நம் மலேசியாவுக்கே வந்து நம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த நாட்டுக்காரனுக்கு வித்தையைச் சொல்லித் தரும் அளவுக்கு அவர்களிடம் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் ஒருவர் போனால் அங்கே இன்னொருவர் வருகிறார்.

நம்மவரில் அப்படி யாரும் இல்லையா? இருந்தார். பஞ்ச் குணாளனை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1970-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம். அதே போட்டியில் இங் பூன் பீயோடு சேர்ந்து இரட்டையர் தங்கம். 1971-இல் அதே ஜோடிக்கு அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம். 1974-இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம். அதே ஆண்டு அகில இங்கிலாந்து இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோவை எதிர்த்து நின்றார்.

அதற்குப் பிறகும் அவர் மட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு உட்காரவில்லை. பயிற்சியாளரானார், சங்க நிர்வாகியானார், உலகச் சம்மேளனத்தின் மேல்மட்டம் வரை போனார். 2006-இல் எண்ணிக்கை முறை மாறி, யார் பந்தை அடித்துத் தொடங்கினாலும் ஒவ்வொரு அடிக்கும் புள்ளி, 21 எடுத்தவருக்கு ஆட்டம் என்று வந்ததே, அதற்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 2012-இல் அவர் மறைந்தார். அதற்குப் பிறகு உலகமெங்கும் பிள்ளைகள் அந்தக் கணக்கில் ஆடினார்கள்.

'அதெல்லாம் பெரிய இடத்து விசயம்ங்க, நம்ம எஸ்டேட்டுப் பிள்ளைக்கு எங்க நடக்கும்?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு சிடேக் குடும்பத்தைக் காட்டுகிறோம். சிலாங்கூர் பந்திங் பக்கத்துக் கம்பத்திலே ஒரு தகப்பன் தம் வீட்டோரம் தரையைச் சமப்படுத்தி, கோடு போட்டு, தம் பிள்ளைகளைத் தாமே பழக்கினார். அவர் பழைய ஆட்டக்காரர், தெரிந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான். மிஸ்புன், ராசிப், ஜைலானி, ரஹ்மான், ரஷிட் என ஐந்து மகன்களும் நாட்டுக்கு ஆடினார்கள். 1992-இல் மலேசியா 25 ஆண்டுகளுக்குப் பிறகு தாமஸ் கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ராசிப், ஜைலானி ஜோடி வெண்கலம் வென்றது. அதுவே நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். மிஸ்புன் பிறகு லீ சோங் வெய்க்குப் பயிற்சி கொடுத்தார். லீ 2008-இல் பெய்ஜிங்கில் வெள்ளி வென்றார். ஒரு கம்பத்து வீட்டோரத்தில் தொடங்கிய வேலை எங்கே போய் நின்றது பாருங்கள்!

இந்தியாவிலும் இதே கதைதான். 2001-இல் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்ற கோபிசந்த் ஐதராபாத்தில் பயிற்சிக்கூடம் கட்டினார். அவரிடம் பழகிய சாய்னா 2012-இலும் சிந்து 2016-இலும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார்கள்.

இப்போது நம் கெடாவுக்கு வருவோம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பூப்பந்து ஆடியது யார்? துரைக்கு ஒரு கிளப், கிராணிமாருக்கு ஒரு கிளப். லயத்துப் பிள்ளை வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான். இன்றைக்கு ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது, பல தோட்டங்கள் வீடமைப்பாகிவிட்டன. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் இருந்த நம் சனம் சுங்கைப் பட்டாணித் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபோய்விட்டது. மண்டபம் இருக்கிறது, ஆனால் மணிக்கு வாடகை. வேலி போய் வாடகை வந்தது. நம் பிள்ளை இன்னும் வெளியேதான் நிற்கிறான்.

2021-இல் நடந்ததையும் மறக்க வேண்டாம். சுடிர்மான் கிண்ண ஆட்டத்தில் நம் பெண் கிசோனா தோற்றதும், ஓர் அரசியல் கட்சிக்காரர் இனத்தைச் சொல்லி, தோட்டத்தையும் இழுத்து ஏசினார். நாடே கண்டித்தது, அவரும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் தோட்டம் என்பதை ஏச்சாக ஒருவர் நினைத்தாரே, அதற்கு என்ன பதில்? மறுப்பு அறிக்கை மட்டும் போதாது. தோட்டத்திலிருந்தும் ஆட்டக்காரர் வருவார் என்று காட்ட வேண்டும். முரளிதரன் மகள் தீனா 2022-இல் பெர்லி டானுடன் காமன்வெல்த் தங்கம் வென்று, நம் பெண்களால் முடியும் என்று காட்டிவிட்டார்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே, பள்ளித் திடலில் ஒரு களம் போடுங்கள். நீளம் 44 அடி, அகலம் 20 அடி, வலை ஓரத்தில் 5 அடி 1 அங்குலம். வெளியே காற்று அடிக்குமே என்றால், தொடக்கத்துக்கு நைலான் பந்து போதும். கோயில் தலைவர்களே, சித்ரா பௌர்ணமிக்கும் தீமிதிக்கும் ஊர் கூடி வசூல் செய்கிறோம். அதில் ஒரு பங்கை மண்டப வாடகைக்கு ஒதுக்கினால் சாமி கோபித்துக்கொள்ளாது. பெற்றோரே, பையனை மட்டும் அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளையை அடுப்படியில் நிறுத்தாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆடிய அண்ணன்மாரே, அக்காமாரே! உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம் கொடுங்கள். மட்டையை எப்படிப் பிடிப்பது, காலை எப்படி எடுத்து வைப்பது என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். சம்பளம் கேட்காமல் ஒரு வருசம் செய்து பாருங்கள். அடுத்த வருசம் பள்ளியே உங்களைத் தேடி வரும்.