பாட்டு வந்துடுச்சு, உழைப்பு எங்கேய்யா?

டிஜே மென்பொருள் வச்சிருக்கிற யார்கிட்டயாவது "புதுப் பொட்டிக்கு மாறணும், என்ன செய்யணும்?"னு கேட்டுப் பாருங்க. "பாட்டு ஃபோல்டரை காப்பி பண்ணு, மென்பொருளை இன்ஸ்டால் பண்ணு, முடிஞ்சது"ன்னு பதில் வரும். இப்படிச் சொல்றவங்களை நிக்க வச்சு நாலு கேள்வி கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இன்னிக்குக் கேட்டுடறேன்.

மொதல்ல இந்தப் பக்கம் பழக்கமில்லாத சக பதிவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். (தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்.) டிஜேவோட லைப்ரரின்னா பாட்டு மட்டும் இல்லீங்க. பாட்டுல எங்க நுழையணும், எங்க வெளிய வரணும்னு குறிச்சு வச்ச க்யூ பாயிண்ட், தாளத்தை அளந்து கோடு போட்ட பீட்கிரிட், லூப், பிளேலிஸ்ட், எதை எத்தனை தடவை போட்டோம்ங்கிற கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான் லைப்ரரி. கன்ட்ரோலர்ல எந்தக் குமிழ் எதைத் திருப்பணும்ங்கிற மேப்பிங் தனி.

நான் தொழில்முறை டிஜே கிடையாது. நண்பர்கள் வீட்டு ரிசப்ஷன்ல பாட்டு போடுற ஆளு, அவ்வளவுதான். என்கிட்டயே 4,000 பாட்டு இருக்கு. பாட்டுக்கு 5 நிமிஷ வேலைன்னு வச்சாலும் 20,000 நிமிஷம். 333 மணி நேரம். தினம் 8 மணி நேரம் உக்காந்தாலும் 41 நாளுக்கு மேல ஆகும். பாட்டை காசு குடுத்துத் திரும்ப வாங்கிடலாம். இந்த 41 நாளை எந்தக் கடையில வாங்குறது?

சரி, அந்த உழைப்பு பொட்டியில எங்கதான் இருக்கு? அங்கதான் கூத்தே. டிராக்டர்ல கலெக்ஷன்.என்எம்எல்னு ஒரு ஃபைல். விர்ச்சுவல் டிஜேல டேட்டாபேஸ்.எக்ஸ்எம்எல். மிக்ஸ்ல ஒரு எஸ்க்யூலைட் ஃபைல். ரெகார்ட்பாக்ஸ்ல மாஸ்டர்.டிபி. இதுல எதுவும் உங்க பாட்டு ஃபோல்டருக்குள்ள இருக்காது. பாட்டு ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணினா எம்பி3 வரும், உழைப்பு பழைய பொட்டியிலயே உக்காந்திருக்கும்.

"அந்த ஃபைலையும் சேர்த்து காப்பி பண்ணிட்டா?"ன்னு கேப்பீங்க. பண்ணலாம். ஆனா உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் முழு முகவரி எழுதியிருக்கும்: இன்ன டிரைவ், இன்ன பயனர் பேர், இன்ன ஃபோல்டர்னு. பழைய பொட்டியில டி டிரைவ்ல இருந்தது புதுசுல ஈ டிரைவ் ஆச்சுன்னா, 4,000 பாட்டும் "காணவில்லை". பாட்டு கண்ணு முன்னாடி இருக்கு, மென்பொருள் மட்டும் கையை விரிக்குது. வீடு மாறினதும் சொந்தப் புள்ளையே அடையாளம் தெரியலைன்னு சொல்ற அப்பன் மாதிரி!

நம்மாளுங்களுக்கு இதுல ஒரு ஸ்பெஷல் போனஸ் இருக்கு. பாட்டு ஃபைலுக்குத் தமிழ்லயே பேர் வைக்கிறவங்க கவனிங்க. "கொ"ங்கிற எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஒத்தைக் குறியீடா ஒகரத்தைப் போடலாம், இல்ல எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியா பிரிச்சுப் போடலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஆப்பிளோட பழைய ஃபைல் முறையான ஹெச்எஃப்எஸ் ப்ளஸ், பேரைப் பிரிச்சுத்தான் சேமிக்கும். விண்டோஸ் நீங்க அடிச்சதை அப்படியே வச்சுக்கும். எழுத்துக்கு எழுத்து பைட்டை மட்டும் ஒப்பிட்டுப் பாக்குற மென்பொருளுக்கு ரெண்டும் வேற வேற பாட்டு. டிஸ்கி, யூனிகோட் சண்டையெல்லாம் பாத்து வளந்தவங்க நாம. நமக்கே இந்த நெலமை.

இந்தப் பிரச்சினையை ஒரு கம்பெனிக்கு (பேர் வேணாம்) மெயில்ல எழுதினேன். "எல்லாப் பாட்டையும் மறுபடி அனலைஸ் பண்ணிக்கோங்க சார்"னு பதில் வந்துச்சு. அடேங்கப்பா! எழுபது, எண்பதுகள்ல முழு ஆர்க்கெஸ்ட்ராவும் உக்காந்து வாசிச்ச பாட்டுல தாளம் மூச்சு விடும். பல்லவியில ஒரு வேகம், சரணத்துல ஒரு மயிரிழை கூட. பாட்டு முழுக்க ஒரே வேகம்னு நெனச்சு கோடு போடுற கருவி, ரெண்டாவது சரணத்துக்குள்ள தடம் மாறிடும். ஆறு எட்டுத் தாளத்துப் பாட்டுக்கு நாலுக்கு நாலு கட்டத்தைத் திணிச்சா பிபிஎம்மே தப்பா வரும். அதையெல்லாம் கையால திருத்தினதுதான் அந்த 333 மணி நேரம். "மறுபடி அனலைஸ்"னா திருத்தினதை அழிச்சுட்டு தப்பைத் திரும்ப வாங்கிக்கோன்னு அர்த்தம்.

அடுத்து வினைல் காலத்து அண்ணன்மார். "எங்க காலத்துல க்யூ பாயிண்டா, ஒண்ணா? காதுதான்பா எல்லாம்"னு ஆரம்பிப்பாங்க. அண்ணே, வணக்கம். ரெக்கார்டு மேல குட்டியா ஸ்டிக்கர் ஒட்டி எடத்தை அடையாளம் வச்சாங்களே, அது என்ன? அதுவும் க்யூ பாயிண்ட்தானே! வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. ரெக்கார்டை எந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போனாலும் ஸ்டிக்கர் கூடவே வந்துச்சு. எந்தக் கம்பெனிகிட்டயும் அனுமதி கேக்க வேண்டியிருக்கல. நான் கேக்குறதும் அதே ஸ்டிக்கர்தான்.

முடியாத விஷயமும் இல்ல இது. செராட்டோ க்யூ பாயிண்ட்டையும் பீட்கிரிட்டையும் பாட்டு ஃபைலோட டேக்குக்குள்ளயே எழுதி வைக்குது. பாட்டு போற எடத்துக்கு அதுவும் போகும். அங்கயும் ஒரு குறை உண்டு: அந்த எழுத்து முறையை வெளியாட்கள் பைட் பைட்டா பிரிச்சுப் பாத்துதான் புரிஞ்சுக்கிட்டாங்க. ரெகார்ட்பாக்ஸ் கதை வேற. 2020-ல வந்த ஆறாம் பதிப்புல டேட்டாபேஸையே பூட்டிட்டாங்க, மறையாக்கம் பண்ணி. என் வீட்டுப் பீரோ, என் துணிமணி, சாவி மட்டும் அவங்க கையில. எக்ஸ்எம்எல்லா ஏற்றுமதி பண்ண வழி வச்சிருக்காங்க, அதுவரைக்கும் புண்ணியம்.

"கிளவுட்ல போட்டா தீந்துச்சு"ங்கிற கட்சியும் இருக்கு. நியாயமாச் சொன்னா, வேலை செய்யுது, வசதிதான். ஆனா என் உழைப்பை ஒரு பொட்டியில இருந்து இன்னொரு பொட்டிக்கு நானே தூக்கிட்டுப் போறதுக்கு சந்தா எதுக்கு? சந்தா நின்னா ஒத்திசைவும் நிக்கும். முகவரியைச் சரியா எழுதாத குறையை மாத வாடகையா மாத்துறதுக்குப் பேர் சேவையா?

நான் கேக்குறது மூணே மூணு. ஒண்ணு, "இசை இந்த ஃபோல்டர்ல இருக்கு"ன்னு ஒரு தடவை சொன்னா போதும், மத்த முகவரியெல்லாம் அங்கேருந்து கணக்காகட்டும். ரெண்டு, க்யூவும் பீட்கிரிட்டும் யார் வேணா படிக்கிற மாதிரி வெளிப்படையான முறையில இருக்கட்டும். மூணு, எல்லாத்தையும் அள்ளிக் கட்டிக் குடுக்க ஒரே ஒரு பட்டன். இதுல எதுக்கும் ராக்கெட் விஞ்ஞானி தேவையில்ல.

அதுவரைக்கும் மாறப் போறவங்க இதைச் செய்ங்க. பாட்டையெல்லாம் தனி எக்ஸ்டர்னல் டிரைவ்ல வைங்க. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் போயி பழைய டிரைவ் எழுத்தையே புதுப் பொட்டியிலயும் குடுங்க. மேக்னா டிரைவ் பேரை மாத்தாதீங்க. மென்பொருளோட டேட்டாபேஸ் ஃபோல்டரையும் மேப்பிங் ஃபைலையும் தனியா காப்பி எடுங்க. பிளேலிஸ்டை எம்3யு8-ஆ ஏற்றுமதி பண்ணி வைங்க, அது சும்மா எழுத்து ஃபைல், நோட்பேட்லயே திறக்கும். சவுண்ட் கார்டு, லேட்டன்சி அமைப்பை மட்டும் புதுசா போடுங்க, அது அந்தந்தப் பொட்டியைப் பொறுத்தது. புதுசுல பாட்டு சரியா ஓடுற வரைக்கும் பழைய பொட்டியை வித்துடாதீங்க. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் அடுத்த மாசமும் வரும்.

முக்கியமா, மென்பொருள் வாங்கறதுக்கு முன்னாடி "எத்தனை எஃபெக்ட் இருக்கு?"ன்னு கேக்காதீங்க. "நாளைக்கு நான் கிளம்பணும்னா என் மூட்டையைக் குடுப்பியா?"ன்னு கேளுங்க. பதில் சொல்ல முழிச்சா, அந்தக் கடையே வேணாம்.

பி.கு: மிக்ஸ் இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கு. பாட்டு ஃபோல்டர் எடம் மாறினா மறுபடி இணைச்சுக்க செட்டிங்ஸ்லயே ஒரு பட்டன் வச்சிருக்காங்க. காசு வாங்காதவங்களுக்குத் தோணியிருக்கு. வாங்குறவங்க யோசிக்கட்டும்.