சேற்றுக்கும் மூச்சு உண்டு!

சிவகாசிக்கு வெயில் வேண்டும். ஈரம் பட்டால் பட்டாசும் தீப்பெட்டியும் கெட்டுவிடும். வெயில் ஊர் என்பதால்தான் 1920-களில் இந்தத் தொழில் இங்கே வேர் விட்டது. அந்த ஊர்க்காரரிடம் சேற்றைப் பற்றிப் பேசலாமா? பேசத்தான் வேண்டும்.

சிவகாசிப் பக்கத்து அர்ச்சுனா நதி, விருதுநகரின் கௌசிகா நதி, சாத்தூரின் வைப்பாறு எல்லாம் ஒரே குடும்பம். இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடப் போனவர்கள் அர்ச்சுனாவையும் வைப்பாற்றையும் சேர்த்தே பார்த்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் கடைசியில் தூத்துக்குடி மாவட்டத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவில் விழுகிறது.

ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேறு கன்னங்கரேல் என்று கிடக்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். இதில் என்ன முளைக்கும்?

முளைப்பது ஓர் அதிசயக் காடு! உப்புத் தரையில் உமரிப் பூண்டு; அலை ஏறும் இடத்தில் அலையாத்தி, கண்டல், தில்லை. அலையாத்தியின் வேர் ஆணி ஆணியாக ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லையே! வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. உள்ளே போன உப்பை இலை கக்கிவிடும். கண்டலின் விதை தாய் மரத்திலேயே முளைவிட்டு, நீண்டு வளர்ந்த பிறகே கீழே விழும். தில்லைப் பால் மட்டும் கண்ணில் படக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்தது இந்த மரம்தான்.

காற்றுப் புகாத சேற்றில் விழுந்த இலை எளிதில் மக்காது. அதன் கரிச்சத்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். குளிர் நாடுகளில் இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்த சேற்றை வெட்டிக் காயவைத்து அடுப்பு எரித்தார்கள். நம் நீலகிரிச் சதுப்புகளிலும் அத்தகைய மண் உண்டு.

சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் 1970-கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். வெயில் பட்டுச் சேறு காய்ந்து பள்ளமாயிற்று. புகுந்த கடல்நீர் திரும்பவில்லை, உப்பு ஏறிற்று, கன்று பிழைக்கவில்லை. 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீர் வந்து போக வழி செய்த பிறகே மரங்கள் தழைத்தன. 2004 சுனாமியில் அந்தக் காட்டின் மறைவில் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் ஏறியது.

உப்பைத் தாங்கும் மரம்தான். ஆனாலும் ஆற்றின் நல்ல தண்ணீரும் அதற்கு வேண்டும். வெம்பக்கோட்டையிலும் இருக்கன்குடியிலும் அணை கட்டி நீரைத் தேக்குகிறோம். வயலுக்குத் தண்ணீர் வேண்டாமா? அதில் தப்பில்லை. ஆற்றுப் படுகையைச் சீமைக் கருவேலத்துக்கு விட்டுக் கொடுத்ததுதான் தப்பு! அதை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-லேயே சொன்னது. கரிமூட்டத்துக்கு வெட்டுகிறவர் மரத்தை எடுத்துக்கொண்டு கட்டையை விட்டுவிட்டுப் போகிறார். அது அடுத்த மழையில் துளிர்க்கிறது. வேரோடு பிடுங்கக் கூலி கொடுக்க வேண்டியது பொதுப்பணம்தான். ஏழை கரிக்காரர் அல்ல.

கௌசிகாவில் விடும் சாக்கடையும் அப்படியே. வெள்ளம் வந்தால் அது வைப்பாற்றோடு கடலுக்குப் போய்விடும் என்று நினைக்கிறோம். போகிறது, ஆனால் வழியில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வேர்களின் மேல் படிந்துவிட்டுப் போகிறது. ஐப்பசி மழைக்கு முன்பே அதைச் சுத்தம் செய்து விடும் பொறுப்பு விருதுநகருக்கு இருக்கிறது.