கண்ணைக் காப்பது கீரையா, மாத்திரையா?

ரெயில்வே முன்பதிவு கவுண்டரில் இருப்பவனுக்கு ஆளின் முகத்துக்கு முன்னால் அவர் நீட்டும் படிவம்தான் கண்ணில் படும். சென்ற மழைக்காலத்தில் மும்பையில் எங்கள் சாலில் குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவர் திருநெல்வேலிக்கு டிக்கெட் கேட்டு வந்தார். தேதி எழுத வேண்டிய கட்டத்தில் வயது இருந்தது. வயது எழுத வேண்டிய இடத்தில் ரெயில் எண் இருந்தது.

"கண்ணு முன்னால ஒரே புகையா இருக்கு தம்பி. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

விசாரித்தேன். "கண்புரை கரைந்துவிடும், கத்தி வைக்க வேண்டாம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னாராம். மாதம் 900 ரூபாய். எட்டு மாதத்தில் 7,200 ரூபாய். இதற்கிடையே பார்வை மங்கியதால் அவர் பார்த்து வந்த வாட்ச்மேன் வேலையும் போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, "புரை முற்றிவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம்?" என்று டாக்டர் கேட்டார்.

இது ஓர் அண்ணாச்சியின் கதை மட்டுமல்ல. நம்மவர்கள் பலர் இப்படி ஏமாறுகிறார்கள்.

ஏமாற்றுகிறவர்களுக்குக் கை கொடுப்பது ஒரு பாதி உண்மை. நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டதும் கறுத்துவிடுகிறது அல்லவா? அது ஆக்சிஜன் செய்யும் வேலை. கண்ணிலும் இதுபோன்ற சேதம் நடக்கிறது. வாழ்நாள் முழுவதும் வெளிச்சம் படும் உறுப்பு கண். விழித்திரை ஏராளமான ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அப்போது உண்டாகும் சில வேதிப்பொருள்கள் உயிரணுக்களைத் தாக்குகின்றன. இளமையில் உடம்பு இதைச் சமாளித்துக்கொள்ளும். வயது ஏற ஏற அந்தச் சக்தி குறைகிறது. லென்சின் நடுவில் உள்ள புரதமோ ஒருமுறை உண்டானதுதான், புதிதாக மாறுவதில்லை. அது கெட்டால் புரை. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டால் எழுத்தும் முகமும் தெரியாது.

இந்தச் சேதத்தைத் தடுக்கும் பொருள்கள் உணவில் உண்டு. வைட்டமின் 'சி', 'இ', லூட்டீன், ஸியாசாந்தின் ஆகியவை அவை. லூட்டீன் கீரைகளிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருக்கிறது. இதுவரை உண்மை.

அப்படியானால் மாத்திரையாகச் சாப்பிட்டால் என்ன? இதை நம் மண்ணிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் 35 முதல் 50 வயது வரை உள்ள 798 பேருக்கு நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் 'சி', 'இ' வாரம் மூன்று முறை, 5 ஆண்டுகள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. இரு பிரிவினருக்கும் புரை ஒரே மாதிரிதான் வளர்ந்தது!

மாத்திரையால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், விழித்திரை நடுப்பகுதி நோய் ஓரளவு வளர்ந்துவிட்டவர்களுக்கு அதிக அளவு வைட்டமின், துத்தநாக மாத்திரை கொடுத்தபோது, 5 ஆண்டுகளில் நோய் முற்றும் ஆபத்து சுமார் 25 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்விலும் புரைக்குப் பலன் இல்லை. யாருக்கு அந்த மாத்திரை தேவை என்பதைக் கண்ணைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட்டில் இருப்பதும் அதே பொருள்தான். ஆனால் கேரட் சாப்பிடுவது வேறு, அதை மாத்திரையாக அளவுக்கு மீறி விழுங்குவது வேறு. பீடியை விடுவதே கண்ணுக்குச் செய்யும் பெரிய உபகாரம். புகை, புரையையும் விழித்திரை நோயையும் விரைவில் கொண்டுவருகிறது.

வேலைக்குப் போன இடத்தில் வடா பாவ், டீ என்று நாளை ஓட்டிவிடுகிறோம். மாலையில் வீடு திரும்பும்போது ஒரு கட்டு பாலக்கோ முருங்கைக்கீரையோ வாங்கினால் என்ன? லூட்டீன் எண்ணெயில் கரைவது. ஆகவே கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்துச் சாப்பிடுவது நல்லது. கொய்யாப்பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் 'சி' இருக்கிறது. இவை கண்ணுக்குத் துணை செய்யும். ஆனால் வந்துவிட்ட புரையை எந்தக் கீரையும் கரைக்காது. அதற்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

ரெயில் ஓட்டுகிறவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. மூட்டை தூக்குகிறவருக்கும் வாட்ச்மேனுக்கும் யார் பரிசோதனை செய்கிறார்கள்? பொங்கல் விழாவுக்கு மேடை போடும் நம் தமிழ்ச் சங்கங்கள், அதே பந்தலில் ஒரு நாள் கண் பரிசோதனை முகாமும் நடத்தலாமே! தொழிற்சங்கங்களும் முன்வரவேண்டும்.

அண்ணாச்சிக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. சென்ற வாரம் அவரே படிவத்தைப் பிழையில்லாமல் எழுதி நீட்டினார். பார்வை திரும்பிவிட்டது. போன வேலைதான் திரும்பவில்லை.