நான்கு காசும் ஊர்க்கண்ணும்

ஏழைக் குழந்தையின் பசியைத் தீர்ப்பது யார் கடன் என்னும் வினா தமிழகத்தில் நேற்று முளைத்ததன்று. 1920-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஆளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் நண்பகல் உணவு வழங்க முடிவு செய்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. பிள்ளைகளின் தொகையும் பெருகிற்று. ஆயின், தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என வெள்ளையர் அரசு தடுக்கவே, 1925 ஏப்பிரலில் அடுப்பு அணைந்தது. வகுப்பறைகளில் பிள்ளைகள் குறைந்தனர். கல்வி வேறு, சோறு வேறு எனப் பிரித்துக் கணக்கெழுதியவர்களுக்கு அக்குறைவின் பொருள் விளங்கிற்றோ, இல்லையோ!

காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் இவ்வினா ஊராரிடமே வைக்கப்பெற்றது. அரசுக் கருவூலம் திறக்கட்டும் எனக் காத்திராமல், ஊர்மக்களே பிள்ளைகளுக்கு உணவளிக்கும் முறை முதலில் தொடங்கிற்று. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் அதனைத் தொடங்கி வைத்தார். 1957 நவம்பரில் அரசு தன் பங்கை ஏற்றபோதும் ஊரார் பங்கு நீக்கப்படவில்லை. ஒரு குழந்தையின் ஒருவேளை உணவுக்கு 10 காசு. அதில் அரசு தருவது 6 காசு, ஊர் தருவது 4 காசு. மறு ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அதன்பின் ஊர்தோறும் மக்கள் ஒன்றுகூடித் தம் பள்ளிக்கு இன்னின்ன வேண்டும் எனத் தாமே பட்டியலிட்டனர். கட்டடமும் கரும்பலகையும் சீருடையும் தாமே தந்தனர்.

அந்த நான்கு காசின் சிறப்பு அதன் மதிப்பில் இல்லை. காசு கொடுத்தவன் மறுநாள் பள்ளிப் பக்கம் போவான். உலையில் அரிசி விழுந்ததா எனப் பார்ப்பான். வராத பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை எனக் கேட்பான். எத்தனை இலை விழுந்தது என்பதை அரசின் ஏடு அறியும். எந்த வீட்டில் மூன்று நாளாக அடுப்பெரியவில்லை என்பதைத் தெருவே அறியும். தகப்பன் பட்ட கடனுக்காகப் பிள்ளை தீப்பெட்டிப் பட்டறைக்கு அனுப்பப்பட்ட செய்தி, வருகைப் பதிவேட்டில் வெறும் சுழியாக நிற்கும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கோ அது முன்னிரவே தெரியும்.

இதனைச் சொல்லும்போது மறைக்கக் கூடாத மறுபக்கம் ஒன்றுண்டு. வளமான ஊர் கொடுத்தது. வானம் பொய்த்த ஊர் எதைக் கொடுக்கும்? கொடுக்கும் கை ஊர்த்தெருவிலும் வாங்கும் கை சேரியிலும் இருந்த இடங்களில், அந்த ‘ஊரார்’ என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்கினர்? கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறித்த ஊர், உண்ட குழந்தையைத் தலைகுனிய வைத்ததும் உண்டு. குழந்தையின் உணவு உரிமையாக வேண்டுமெனில் அது ஊர்ச் செல்வரின் மனப்போக்கைச் சார்ந்திருத்தல் ஆகாது. ஆகவே, 1982 சூலையில் ம.கோ. இராமச்சந்திரன் அரசு சத்துணவைப் பேரளவில் கொண்டு வந்ததும், 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கப்பெற்றதும் செய்யத் தக்கனவே. (சத்துணவு என்னும் சொல் பட்டிதொட்டியெங்கும் பரவியது, தமிழுக்குக் கிடைத்த சிறு ஊதியம்.)

பிழை எங்கே நேர்ந்ததெனில், நான்கு காசு தேவையற்றுப் போனபோது அதனோடு சேர்ந்து ஊர்க்கண்ணும் மூடிக்கொண்டதில்தான். சோறு அரசினது, பள்ளி அரசினது, பிள்ளையும் அரசினது என்னும் போக்கு ஊர்களில் வேரூன்றிவிட்டது. ஒருவேளைச் சோற்றுக்கு அப்பாலும் வறுமை உண்டு. மாலையில் படிக்க விளக்கும் இடமும் இல்லாமை வறுமை. காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுசெல்ல ஆளில்லாமை வறுமை. இவற்றுக்கு அரசாணை எழுதித் தீர்வு காண்பதரிது.

தெருவால் முடியும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்தபின், 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, அந்தந்தத் தெருவில் வாழ்ந்த படித்த பெண்களே பெருந்தொகையினராக முன்வந்து, திண்ணையிலும் மரத்தடியிலும் மாலைதோறும் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். அவர்களுக்குக் கிடைத்தது திங்களுக்கு 1000 உருவா. ஆயினும், எந்தப் பிள்ளை பட்டினியோடு வந்தது, எது வேலைக்குப் போய் வந்தது என்பதை முதலில் கண்டவர்கள் அவர்களே.

2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கப் பணித்தது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். தமிழகத்தில் 2022-இல் இக்குழுக்கள் 20 உறுப்பினரோடு புதுக்கி அமைக்கப்பெற்றன. எத்தனை ஊர்களில் இது தலைமையாசிரியர் நீட்டும் தாளில் கையெழுத்திடும் குழுவாகவே நின்றுவிட்டது! கூலிவேலைக்குப் போகும் தாய், பகற்கூட்டத்துக்கு எவ்வாறு வருவாள்? கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு, அவள் தெருவிலேயே, சேரியிலும் ஒருமுறை, ஊர்த்தெருவிலும் ஒருமுறை எனக் கூட்டினால் என்ன? முதற்கூட்டத்தில் எடுக்க வேண்டிய பொருள் ஒன்றே போதும்: இத்திங்களில் தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர். அப்பட்டியலை எடுத்துக்கொண்டு இருவர் இருவராக அந்தந்த வீட்டுக்கு அன்றிரவே நடந்து போகலாம்.